பாறை இல்லாத ஊரிலிருந்து பாறையேற: டெல்டாக்காரர்களுக்கு ஓர் உடல் தயாரிப்பு வழிகாட்டி

கும்பகோணத்தில் வண்டியை எடுத்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை போய்ப் பாருங்கள். வயல் வரும், வாய்க்கால் வரும், தென்னந்தோப்பு வரும், கடைசியில் உப்பளம் வரும். ஏறிப் பார்க்க ஒரு பாறை வராது. இந்த வண்டல் மண்ணில் வளர்ந்த ஒருவருக்குப் பாறையேற்றத்தில் ஆசை வந்தால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் குறிப்புகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறிப் பழகும் செயற்கைச் சுவர் இருப்பவர்களுக்காக எழுதியவை. உள்ளூர் ஜிம்மில் கேட்டால், "முதல்ல கையை ஏத்துங்க தம்பி" என்பார்கள்.

நானும் தட்டுத் தடுமாறித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். எந்த வலிமை உதவும், எது உதவாது, எந்தக் காகிதம் எப்போது வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் யாராவது ஒரே இடத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவோ நாள் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது அது மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தசை சில வாரங்களில் பலப்படும். விரல்களில் இருக்கும் தசைநாணும் அதைப் பிடித்திருக்கும் பட்டைகளும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். பணம் கொடுத்தோ கூடுதலாக உழைத்தோ இதைச் சுருக்க முடியாது. ஆகவே முதல் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். வீட்டிலிருந்தபடியே தொடங்கலாம்.

1. உடம்பை அளந்து நோட்டில் எழுதுங்கள்

சுவரை ஒட்டி நின்று உயரத்தைக் குறியுங்கள். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். கைவீச்சு உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் தூரத்துப் பிடிகள் கொஞ்சம் எட்டும். குறைவாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2000-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 24 ஆண்களும் 20 பெண்களும் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய ஏறும் திறனில் இருந்த வேறுபாட்டில் 58.9 சதவீதம் பயிற்சியால் மாற்றக்கூடிய அம்சங்களோடு சேர்ந்திருந்தது. உயரம், கைவீச்சு போன்ற உடலளவுகளுக்குக் கிடைத்த பங்கு 0.3 சதவீதம். நெகிழ்வுக்கு 1.8. உலகின் முன்னணிப் பாறையேறிகளில் ஒருவரான ஆடம் ஒண்ட்ரா ஆறடிக்கு மேல் உயரம். இன்னொரு பெயர்பெற்ற பாறையேறியான லின் ஹில்லுக்கு ஐந்தடி இரண்டு அங்குலம்தான். அமெரிக்காவில் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டான் பாறையில் 'நோஸ்' என்ற வழியைக் கயிற்றில் தொங்காமல், கை கால் பலத்தால் மட்டுமே 1993-இல் முதலில் ஏறி முடித்தவர் அவர். ஆனால் உயரம் எப்போதுமே பொருட்டில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 154 செ.மீ. உயரமுள்ள ஜப்பானின் ஆய் மோரிக்கு ஒரு போல்டரின் (கயிறு இல்லாமல் ஏறும் குட்டையான சுவர்) தொடக்கப் பிடியே கைக்கு வரவில்லை. கடைசியில் நான்காவது இடத்தில்தான் முடித்தார். உச்சத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சாண் வித்தியாசம் பதக்கத்தையே மாற்றும். நாம் ஏறப்போகும் தொடக்கநிலை வழிகளில் அந்தச் சிக்கல் வருவது அபூர்வம்.

அளவுகளுக்குக் கீழே இன்னும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். கம்பியில் எத்தனை விநாடி தொங்க முடிகிறது. முழுதாக எத்தனை புல்-அப் வருகிறது (பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்). குதிகால் தரையை விட்டு எழாமல் குந்த முடிகிறதா. ஒற்றைக் காலில் நின்று எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடிகிறது. மாதம் ஒரு முறை இதே நான்கையும் மறுபடி பாருங்கள். இது போதும். உடல் கொழுப்பு அளக்கும் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

2. மருத்துவரிடம் முதலிலேயே போங்கள்

பலரும் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டு அவதிப்படுகிறார்கள். பயிற்சி முகாம் எதில் சேர்ந்தாலும் உடல் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். சில முகாம்கள் வெறும் கடிதத்தை ஏற்பதில்லை. தங்களுடைய படிவத்தையே நிரப்பித் தரச் சொல்வார்கள். ஆகவே முதலில் படிவத்தை வாங்கி அச்செடுத்துக்கொண்டு, அப்புறம் மருத்துவரிடம் போங்கள். எம்.பி.பி.எஸ். படித்தவராக இருக்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே முத்திரையும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். எண் இல்லை, முத்திரை மங்கல் என்று திருப்பி அனுப்பினால் தபாலிலும் அலைச்சலிலும் ஒரு வாரம் போய்விடும்.

ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தோள்பட்டை எப்போதாவது நழுவியிருந்தால் அதை மறைக்காதீர்கள். பாறையேற்றத்தில் முதலில் சோதனைக்கு உள்ளாகிற மூட்டு அதுதான். தனியார் மருத்துவரிடம் எல்லாம் சேர்த்து 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசு மருத்துவமனை என்றால் பணம் மிச்சம், ஒரு காலைப் பொழுது செலவு. சான்றிதழ் எத்தனை நாள் செல்லும் என்று படிவத்திலேயே பாருங்கள். பழைய தேதியிட்டதை ஏற்க மாட்டார்கள் என்றால், இப்போது பரிசோதனையை மட்டும் முடித்துக்கொண்டு, பயணத்துக்கு முந்தைய மாதம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், பொறுப்பேற்புக் கடிதம் இவையும் வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்கு அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்தும் அவர்களுடைய அடையாள அட்டை நகலும் கேட்பார்கள்.

மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறீர்களா? பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள். இந்தியாவில் பொதுவாகப் பயன்படும் விலக்கு வாசகத்தில் பாறையேற்றம் பெயரோடு இருக்கிறது. அதைத் தொழில்முறையாகச் செய்பவர்களுக்கு என்று அந்த வாசகம் சொல்லும். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் இன்னும் கடுமையான வாசகம் இருக்கலாம். முகவர் வாயால் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

3. விரல்கள்

மற்ற தலைப்புகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

விரல்களுக்குள் தசை கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நீண்டு வரும் நாண்கள்தான் விரலை இழுக்கின்றன. தூண்டில் கோலில் நரம்பைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள் மாதிரி, இந்த நாண்களை எலும்போடு ஒட்டி நிறுத்தச் சின்னச் சின்னப் பட்டைகள் உண்டு. பாறையேறுபவர்களுக்கு அதிகம் கிழிவது விரலின் அடிப்பகுதியில் இருக்கும் பட்டை. பெரும்பாலும் மோதிர விரலில்தான் இது நடக்கும். கிழியும்போது 'டப்' என்று சத்தம் கேட்பதும் உண்டு. அப்புறம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓய்வுதான்.

பிடிக்கும் விதத்தில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விரல்களை அதிகம் மடக்காமல் கொக்கி போலத் தொங்கவிடுவது திறந்த பிடி. நடு மூட்டை ஏறத்தாழ 90 பாகைக்கு மடக்குவது அரை மடிப்புப் பிடி. அதையே இன்னும் இறுக்கி, நுனி மூட்டு பின்பக்கமாக வளைய, கட்டைவிரலை ஆள்காட்டி விரல் மேல் போட்டு அழுத்துவது முழு மடிப்பு. முழு மடிப்பில் பிடி நன்றாக நிற்கும். பட்டைகளுக்கு வரும் சுமையும் அதில்தான் அதிகம். முதல் வருடம் அதைத் தொடவே வேண்டாம்.

தென்னை ஏறும் அண்ணன்மாருக்கு இதெல்லாம் சுலபமாக வந்துவிடுமா என்று கேட்பார்கள். அவர்களுடைய காலும் இடுப்பும் மன உறுதியும் அப்படியே உதவும். ஆனால் மரத்தை அவர்கள் உள்ளங்கையாலும் கையாலும் அணைத்துப் பிடிக்கிறார்கள். பாதத்தில் தளைக்கயிறு இருக்கிறது. பாறையில் முக்கால் அங்குல விளிம்பில் விரல் நுனிகள் மட்டும் நிற்க வேண்டும். அந்தப் பலம் தனி. ஜிம்மில் நூறு கிலோ தூக்குபவருக்கும் இதே நிலைதான். அவர்களுடைய தசை இழுக்கும் வேகத்துக்கு நாண் பழகியிருக்காது என்பதால், காயம் படும் ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல்.

சரி, சுவர் இல்லாமல் எப்படிப் பழகுவது? தச்சு ஆசாரியிடம் போங்கள். தேக்கு, வேம்பு, பூவரசு எதுவானாலும் சரி, வெடிப்பில்லாத மீதிக் கட்டை ஒன்று போதும். அரை அடி நீளத்தில், நான்கு விரலும் அமர்கிற மாதிரி ஓர் அங்குல ஆழத்தில் ஒரு விளிம்பும், மறுபக்கத்தில் முக்கால் அங்குல விளிம்பும் இழைத்துத் தரச் சொல்லுங்கள். விளிம்பின் முனை கூராக இருக்கக் கூடாது. விரல் வைத்தால் வலிக்காத அளவுக்கு உருட்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வார்னிஷ் அடிக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். பழக்கத்தில் பளபளவென்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் கை வழுக்கும். கட்டையின் நடுவில் ஒரு துளை போட்டுக் கயிறு கோத்துக்கொள்ளுங்கள். கூலியோடு 200, 300 ரூபாய் ஆகும்.

அந்தக் கயிற்றின் மறுமுனையை 20 லிட்டர் பெயின்ட் வாளியின் கைப்பிடியில் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாட்டிலால் அளந்து ஊற்றினால் எடை கச்சிதமாகத் தெரியும். வாளி தரையில் இருக்க, கட்டை உங்கள் தொடை உயரத்துக்கு வருகிற மாதிரி கயிற்றின் நீளத்தை வையுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையின் நான்கு விரல்களை ஓர் அங்குல விளிம்பில் அரை மடிப்பாக வைத்து, காலை நிமிர்த்துங்கள். வாளி தரையை விட்டு இரண்டு அங்குலம் எழும்பினால் போதும். பத்து விநாடி பிடித்து, மெதுவாக இறக்குங்கள். கையை மாற்றுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு கைக்கும் ஐந்து முறை. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி.

தொடக்கத்தில் எட்டு, பத்து லிட்டர் போதும். சிறு உடல்வாகு என்றால் ஐந்திலிருந்து தொடங்குங்கள். பத்து விநாடி முடியும்போது இன்னும் பத்து விநாடி பிடிக்கலாம் போல இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் எடை சரி. பத்து நாளுக்கு ஒரு லிட்டர் என்று ஏற்றுங்கள். மூன்றாவது மாதத்துக்கு மேல் முக்கால் அங்குல விளிம்புக்கு மாறலாம். மாறும்போது தண்ணீரைக் கால்வாசி குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கைகளைச் சூடேற்றி, மறு கையின் கட்டைவிரலால் ஒவ்வொரு விரலின் அடிப்பகுதியையும் உள்ளங்கைப் பக்கமாக அழுத்திப் பாருங்கள். எங்காவது குத்துகிற மாதிரி வலித்தால் அன்றைக்கு விரல் பயிற்சி இல்லை. முன்கைத் தசை கனத்து வலிப்பது சாதாரணம். விரலுக்குள் ஒரே புள்ளியில் வலிப்பது எச்சரிக்கை. இரண்டு வாரத்தில் அது போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் விரலை இழுத்துவிடச் சொல்லாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வாளிப் பயிற்சி கூடாது. வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு நாணைவிடப் பலவீனமாக இருக்கும். நடுவிரலில் அங்கே விரிசல் விழுவது இளம் பாறையேறிகளுக்கு வரும் காயங்களில் முக்கியமானது. அவர்களுக்கு மரம் ஏறி விளையாடுவதும் கம்பியில் தொங்குவதும் போதும். நடு மூட்டு வீங்கி வலி நீடித்தால் கட்டாயம் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

விவசாய வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நாற்றுப் பறிக்கும் நாளும் கதிர் அறுக்கும் நாளும் விரலுக்கு வேலை நாள்தான். அன்றைக்கு வாளியைத் தொட வேண்டாம்.

4. தோள், முதுகு, நடு உடம்பு

புல்-அப் ஒன்றுகூட வராதவர்களும் தொடக்கநிலை வழிகளை ஏறிவிடலாம், காலால்தான் ஏறுகிறோம். ஐந்து புல்-அப் சுத்தமாக வந்தால் வசதி. இருபது எடுக்க முயன்று தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பியில் தொங்கியபடி முழங்கையை மடக்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுத்து இறக்குவது இதைவிட முக்கியமான பயிற்சி. பார்க்க ஒன்றுமே செய்யாதது போல் இருக்கும். ஆனால் தோள் மூட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

எதில் தொங்குவது என்பதில் கவனம். ஓட்டு வீட்டுச் சட்டம், ஜன்னல் சன்ஷேடு, சுண்ணாம்புச் சுவரில் அடித்த ஆணி இவையெல்லாம் ஆளைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். பள்ளி மைதானக் கம்பி அல்லது தடித்த வேப்பங்கிளை நல்லது. ஜிம்மில் சேர்வதென்றால் மாதம் 800 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும், கட்டாயம் இல்லை.

இழுப்பதற்கு எதிர்ப்பக்கத் தசைகளையும் கவனியுங்கள். தண்டால் எடுங்கள். ஒரு வாளியில் குருணையைக் கொட்டி, மணிக்கட்டு வரை கையை விட்டு, விரல்களை உள்ளே விரித்து விரித்து மூடுங்கள். விரலை விரிக்கும் தசைகளுக்கு இது நல்ல வேலை. நெல்லில் செய்தால் உமி அரிக்கும். நடு உடம்புக்குப் பலகைபோல் நிற்கும் பிளாங்க்கும், தொங்கியபடி முழங்காலைத் தூக்குவதும் போதும். வெளிப்பக்கம் சாய்ந்த பாறையில் கால் பிடியை விட்டு நழுவாமல் இருப்பது வயிற்றுத் தசையால்தான்.

5. இடுப்பும் காலும்

இங்கே நமக்கு ஒரு பெரிய முதல் இருக்கிறது. சம்மணம் போட்டுச் சாப்பிடும் பழக்கமும் குந்தி உட்காரும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இடுப்பு மூட்டு நன்றாகத் திறக்கும். பாறையில் இடுப்பைப் பாறையோடு ஒட்டி வைக்க முடிந்தால் எடை காலுக்குப் போகும், விரலுக்கு வேலை குறையும். நாற்காலிக்கும் மேலைநாட்டுக் கழிப்பறைக்கும் மாறியவர்கள் தினமும் ஐந்து நிமிடமாவது குந்தி உட்காருங்கள்.

உயரமான படியில் ஒரு காலை வைத்து, கை உதவி இல்லாமல் எழுந்து நிற்கப் பழகுங்கள். கோயில் குளத்துப் படிக்கட்டு இதற்குப் பொருத்தம். பாசி படிந்த படிகளைத் தவிர்த்து மேல் படிகளில் செய்யுங்கள். சுவாமிமலையின் 60 படிகளும் திருச்சி மலைக்கோட்டைப் படிகளும் மூச்சுக்கும் தொடைக்கும் நல்லவை. செங்கல் விளிம்பில் கட்டைவிரல் பக்கத்தால் மட்டும் ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று பாருங்கள். பாறையில் கால் வைப்பது அப்படித்தான் இருக்கும்.

6. எடை விஷயத்தில் ஏமாறாதீர்கள்

உடல் எடைக்கு ஏற்ற விரல் பலம்தான் இதில் கணக்கு. அதனால் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் சீக்கிரம் முன்னேறலாம் என்று ஒரு நினைப்பு வரும். சில வாரம் பலன் தெரிவது போலவும் இருக்கும். அதன் பிறகு தூக்கம் கெடும், காயம் ஆறாது, எலும்பு பலவீனமாகும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும். இந்தச் சிக்கல் பெரிதாகிப்போனதால் உலகப் பாறையேற்றப் போட்டிக் கூட்டமைப்பே 2024-இல் வீரர்களுக்கு இதற்கென உடல்நல விதிகளைக் கொண்டுவந்தது. இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்: பயிற்சி நாளில் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

நம் தட்டில் சோறு அதிகம், புரதம் குறைவு. மாற்ற வேண்டியது அதைத்தான். ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை, மத்தி, கெண்டை, சுண்டல், காராமணி, நிலக்கடலை, தயிர் எல்லாம் நம் கடைத்தெருவில் கிடைப்பவைதான். டப்பாவில் வரும் புரதப் பொடி தேவையில்லை.

7. தோல், வியர்வை, பொருட்கள்

நாகைப் பக்கத்து ஈரக் காற்றில் கை எப்போதும் பிசுபிசுக்கும். இதற்குச் சாக் பவுடர் என்ற மெக்னீசியம் கார்பனேட்தான் வேண்டும். முகப் பவுடர் வழுக்கும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கைக் காய்ப்பு மேடாக நின்றால் உரசித் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் அது பிய்ந்து வரும்.

காலணியை முதல் பயணத்திலேயே வாங்க வேண்டாம். பயிற்சிச் சுவர்களில் வாடகைக்குக் கிடைக்கும். அப்புறம் வாங்குவதாக இருந்தால் தொடக்கநிலைக் காலணி 4,000 ரூபாயிலிருந்து வரும். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். விரல்கள் நுனியைத் தொட வேண்டும், நொறுங்கக் கூடாது.

கயிற்றிலும், அதோடு உடம்பைப் பிணைக்கும் இடுப்பு வாரிலும் சிக்கனம் கூடவே கூடாது. ஹார்டுவேர் கடை நைலான் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பாறையேற்றத்துக்கு ஆகாது. விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கும்படி செய்த கயிறு வேண்டும். யூஐஏஏ (UIAA) அல்லது சிஇ (CE) என்ற பாதுகாப்புத் தர முத்திரையைப் பாருங்கள். பழைய பொருளாக, யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியாத கயிற்றை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

8. மாதக் கணக்கு

ஜூன் 12, மேட்டூர் திறப்பை ஒட்டித் தொடங்குவது என் யோசனை. ஜூன், ஜூலையில் அளவு எடுப்பது, மருத்துவர், தொங்கல், குந்தல், மூன்றாவது வாரத்திலிருந்து வாளி. ஆகஸ்டு, செப்டம்பரில் எடை ஏற்றுவது. சம்பா நடவு மும்முரமாக இருக்கும் வாரங்களில் வாளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை; வாளிப் பயிற்சி திண்ணையிலேயே நடக்கும் என்பதால் தடைப்படாது. தை மாதம் பயணம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பெங்களூரு சுற்றுவட்டாரப் பாறை காய்ந்து, குளிர்ந்து, கை நன்றாக ஒட்டும். ஏப்ரலில் அதே பாறை கையைச் சுடும்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு முழு வாரம் விரல் பயிற்சியை நிறுத்துங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்த மனம் வராது. ஆனாலும் நிறுத்துங்கள்.

9. எங்கே ஏறக் கூடாது, எங்கே ஏறலாம்

நமக்குப் பக்கத்துப் பாறைகள் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கின்றன. நார்த்தாமலை, சித்தன்னவாசல் இரண்டையும் பார்த்ததும் கை பரபரக்கும். அங்கே ஏறிப் பழகாதீர்கள். குடைவரையும் ஓவியமும் கோயிலும் உள்ள, தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்கள் அவை. சாக் பவுடர் கறையும் காலணித் தேய்ப்பும் ஆயிரம் ஆண்டு வேலையைக் கெடுத்துவிடும். 1958-ஆம் ஆண்டு தொல்லியல் சட்டப்படி அது குற்றமும்கூட. திருச்சி மலைக்கோட்டையில் படியேறுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் பெங்களூரு. கண்டீரவா மைதானத்தில் செயற்கைச் சுவர் இருக்கிறது. தனியார் உள்ளரங்குகளும் உண்டு. ஒரு நாள் கட்டணம் காலணி வாடகையோடு 500 முதல் 1,000 ரூபாய்க்குள் இருக்கும். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் விடிகாலையில் பெங்களூரு. ஸ்லீப்பர் டிக்கெட் 300 ரூபாய் அளவில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பொங்கல் வாரத்தில் அன்றைக்கே தீர்ந்துவிடும், அதனால் பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்துக் கிளம்புங்கள்.

அதே ரயில் பாதையில் பெங்களூருக்கு அப்பால் ராமநகரம் வரும். கிரானைட் பாறைக்குப் பேர் போன இடம். அங்கே உள்ள ராமதேவர பெட்டா, 2012-இல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். தனியாகப் போகாமல், அனுமதி வாங்கி அழைத்துப் போகும் பயிற்றுநர் குழுவோடு போங்கள். பணம் கட்டும் முன் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறுக்கு மேல் என்றால் உங்களுக்கு ஏறக் கிடைக்கும் நேரம் குறைவு. பாதாமியின் மணற்பாறையும் ஹம்பியின் உருண்டைப் பாறைகளும் இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு.

உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங் இமயமலை மலையேற்ற நிறுவனம் இரண்டிலும் 28 நாள் அடிப்படைப் பயிற்சி உண்டு. அது பனியும் மூட்டையும் சேர்ந்த பயிற்சி. அதற்கு விரலைவிட மூச்சும் முதுகும் முக்கியம். இடங்களும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். பாறை மட்டும் போதும் என்றால் அதை இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

கட்டை, வாளி, மருத்துவர், போக வர ரயில், இரண்டு நாள் சுவர், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து முதல் பயணம் வரை 6,000 ரூபாயை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநரோடு ராமநகரம் என்றால் அது தனிச் செலவு.

10. சுவரில் முதல் இரண்டு நாள்

முதல் நாள் இரண்டு மணி நேரம் போதும். முன்கை கல்லாகிக் கனக்கும். அழுத்திப் பிடித்த தசை தன் ரத்தக் குழாயைத் தானே நசுக்குவதால் வருவது அது. கையை நீட்டித் தொங்கவிட்டு உதறினால் மெல்லத் தளரும். ஏறும்போது கையை மடக்கியே வைத்திருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுவீர்கள். கையை நீட்டி, காலால் தள்ளி எழுந்திருங்கள். பிடியை எவ்வளவு குறைவான பலத்தில் பிடித்தால் விழாமல் நிற்கலாம் என்று பாருங்கள்.

கீழே நின்று கயிறு பிடிப்பவர் உங்கள் முடிச்சையும் இடுப்பு வார்ப் பக்கிளையும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்க வேண்டும், நீங்களும் அவருடையதைப் பார்க்க வேண்டும். பழகியவர்களே பேச்சு மும்முரத்தில் விட்டுவிடும் வேலை இது. "பார்த்தாச்சு" என்று வாயால் சொல்லாமல் தரையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

இரண்டாம் நாள் காலையில் விரல்களின் அடியை அழுத்திப் பாருங்கள். குத்தினால் ஏறாதீர்கள், நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும். அன்றைக்கு மற்றவர்கள் கால் வைப்பதை உட்கார்ந்து பாருங்கள், கயிறு பிடிக்கப் பழகுங்கள். ஊர் திரும்பி நான்கு நாள் கழித்து, பழைய எடையில் பாதித் தண்ணீரோடு வாளியை மறுபடி தொடங்கலாம்.